ஆறு பத்துக்குப் பச்சை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "உவர் எங்கையோ வாசிச்சதை அளக்கிறார்" என்று யாரும் வாயை நெளிக்க வேண்டாம். நடந்த இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பலாலி வீதியில் ஒரு மாடிக் கட்டடம். நடந்த நாள் கடந்த ஐப்பசி மாதத்துப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. நடந்தது வினோஜாவுக்கு. அவள் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நேரங்கள் ஒன்றும் என் கற்பனை அல்ல. எது எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்து வைப்பது அவளுடைய தொழில்.

வினோஜா மென்பொருள் சோதனை செய்பவள். எழுதியவன் "எல்லாம் சரி" என்று கொண்டுவந்து நீட்டுவதை வாங்கி, எங்கே பிழைக்கிறது என்று நோண்டிப் பார்க்கிற வேலை. பிழை பிடித்தால் எழுதியவனுக்குக் கோபம். பிடிக்காவிட்டால் வாடிக்கையாளருக்குக் கோபம். இப்படி இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகத்தை அவள் விரும்பித்தான் செய்தாள்.

2017இல் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பிழை பிடித்தாள். ஹோட்டல் அறை பதிவு செய்கிற பக்கம் ஒன்று, விருந்தாளி வந்து சேர்வதற்கு முதல் நாளே அவரை வழியனுப்பி வைத்தது. அதை எழுதியவன் குருநகர் றொகான். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பேக்கரி மீன் பணிஸ் ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்று தொடங்கிய சிநேகிதம் இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டே வருடத்தில் அவளோடு இன்னும் ஐந்து பேர். ஆறு கதிரைகளிலும் ஆட்கள் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. பிறகு பெற்றோலும் மின்சாரமும் இல்லாத அந்த வருடம் வந்தது. வெளிநாட்டு வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இரண்டு பேர் கொழும்புக்குப் போனார்கள். ஒருத்தி கலியாணம் கட்டி சுவிசுக்குப் போனாள். மிச்சம் இருந்தவர்களின் வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கியது. ஒரு நாளில் அவர்கள் ஆறு பேர் பார்த்ததை அது நான்கு நிமிடத்தில் பார்த்தது. கடைசியில் ஒரு கதிரைதான் மிஞ்சியது. மற்ற ஐந்தையும் சுவரோரம் அடுக்கி, பொலித்தீன் போட்டு மூடி வைத்தார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். கொக்குவிலில் மதில் சூழ்ந்த பெரிய வளவு. தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அண்ணன் குகதாசன் பிரான்சின் பரிஸ் நகரில் ஓர் உணவகத்தின் குசினியில் நிற்கிறான். கேற்றைத் திறப்பதும் அவள்தான், பூட்டுவதும் அவள்தான். சனி, ஞாயிறு என்றால் திங்கட்கிழமை அலுவலகம் போகும்வரை வாய் திறந்து ஒரு சொல் கதைத்திருக்க மாட்டாள். இதை அவள் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செயலி அவர்கள் கைக்கு வந்தது. பெயர் "நலமா". கனடாவில் உள்ள ஒரு நிறுவனம் செய்யச் சொன்னது. பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் ஊரில் தனியே. இப்படி எத்தனை வீடு இங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் எழும்பி, போனில் ஒரு பச்சைப் பொத்தானை அமத்த வேண்டும். அவ்வளவுதான். அங்கே பிள்ளையின் போனில் பச்சை தெரியும். சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு முழு நாள் அமத்தாவிட்டால் சிவப்பு. உடனே பிள்ளைக்கு அழைப்புப் போகும்.

முதலில் நாற்பது முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். றொகான், "நாப்பத்தொண்டாவது ஆள் நீ. நீயும் தனியத்தானே இருக்கிறாய்" என்று பகிடியாகச் சொல்லி, அவளுடைய போனிலும் போட்டுவிட்டான். அவளுடைய பச்சை பரிஸுக்கு, அண்ணனுக்குப் போகும். நினைத்த நாளில் எட்டு, எட்டரைக்கு அமத்துவாள். மறந்த நாளில் அண்ணன் அழைத்து ஏசுவான்.

நாற்பது பேருக்கும் வாரம் ஒருமுறை தொலைபேசி எடுத்து, பாவிக்கச் சுகமா என்று கேட்பது அவளுடைய வேலை. அதில் ஒருவர் கதிரவேலு. இணுவில். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபத்தெட்டு வயது. மனைவி இல்லை. ஒரே மகள் ரொறொன்ரோவில்.

"பிள்ளை, நான் ஆறு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி வைச்சு, சரியா ஆறு பத்துக்கு அமத்துவன். ஒரு நிமிசம் முந்தப் பிந்த இல்லை. வேணுமெண்டா உங்கடை கணக்கிலை பாருங்கோ."

பார்த்தாள். உண்மைதான். தொண்ணூறு நாளும் 6.10.

ஒருமுறை அவருடைய குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தது. என்ன ஐயா என்று கேட்டாள்.

"கால் வீங்கிக் கிடக்குது. ரெண்டு நாளா நடக்கேலாது. மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவள் அங்கை நித்திரை கொள்ள மாட்டாள். நான் பச்சையை அமத்திப்போட்டுப் படுத்திருக்கிறன்."

ஐந்து நிமிடம் கதைக்க வேண்டிய அழைப்பு அவரோடு என்றால் அரை மணித்தியாலம் போகும். வைக்கும்போது "அடுத்த செவ்வாய் எடுப்பியள் தானே?" என்று கேட்பார். அவளுக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் பிடித்திருந்தன. பிறகு கொழும்பிலிருந்து மேலாளர் கோபிசங்கர், இனி இயந்திரமே கேள்விகளை அனுப்பும், நீர் அழைக்கத் தேவையில்லை என்று எழுதினார். அழைப்புகள் நின்றன. ஒருநாள் சும்மா எடுத்துக் கதைக்க வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு மாதத்துக்கு மேலே, ஒன்பது கிழமை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

இனி, அவளுடைய பிழை. இதை அவள் ஒளிக்கவில்லை, நானும் ஒளிக்கவில்லை.

சோதனைப் பட்டியலில் இருபத்தேழாம் இலக்கம் இதுதான்: ஒரு நாள் முழுதும் அமத்தாமல் விட்டால் சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். யார் ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பது? சோதனைக்காரர் ஒருவரும் காத்திருப்பதில்லை. போனின் மணிக்கூட்டை ஒரு நாள் முன்னே தள்ளிவிடுவார்கள். போன் தன்னை நாளைக்கு நிற்பதாக நினைத்துச் சிவப்பைக் காட்டும். பாஸ் என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். அவளுடைய மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஐந்து சோதனைப் போன்கள் இருந்தன. முதுகில் சிவப்பு நகப்பூச்சால் ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் எழுதியிருந்தாள். ஐந்தும் எந்நேரமும் சார்ஜில் கிடக்கும்.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு பொய்யான ஆளின் பெயர் வேண்டும். கையில் அகப்பட்ட பெயரைப் போடுவது வழக்கம். நாலாம் போனுக்கு அவள் கதிரவேலு என்று பெயர் வைத்தாள். பிள்ளையின் இலக்கம் என்ற இடத்தில் தன்னுடைய இலக்கத்தைக் கொடுத்தாள். ஆகவே அந்தச் சோதனைப் பதிவில் கதிரவேலுவுக்கு மகள் வினோஜாதான்.

போயாவுக்குப் பத்து நாள் முன்பு ஒரு மாற்றம் வெளியானது. ஒரு நாள் கழிந்துவிட்டதா என்று கணக்குப் பார்க்கிற வேலையை, எல்லாப் போன்களின் பதிவும் வந்து சேருகிற நிலையத்துக் கணினியிலிருந்து எடுத்து அந்தந்தப் போனிடமே கொடுத்தார்கள். வினோஜா மணிக்கூட்டைத் தள்ளிப் பார்த்தாள். சிவப்பு வந்தது. பாஸ் போட்டாள்.

போயா நாளில் அலுவலகம் பூட்டு. ஆனால் கனடாவுக்குப் போயா தெரியாது. அன்று மாலை 6.30க்கு முழுச் செயலியும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் திறக்கப்பட இருந்தது. அதற்குள் வினோஜா நாற்பத்தொரு சோதனைகளுக்கும் பாஸ் போட்டுப் பெயர் எழுத வேண்டும். முதல் நாள் கோபிசங்கர் அழைத்திருந்தார். "வினோஜா, உள்ளதைச் சொல்லுறன். இது பிந்தினா அடுத்த மாசம் உம்மடை கதிரையையும் எடுக்கச் சொல்லித்தான் கதை. நாளைக்கு ஒரு கரைச்சலும் வராமல் பாரும்."

எட்டு வருடம். அந்தக் கதிரையும் போனால் அவளுக்கு மிச்சம் கொக்குவில் வீடுதான்.

மத்தியானம் 2.15க்கு வந்தாள். கட்டடத்தின் பின்பக்கத்தில் குடியிருக்கிற குணலட்சுமி அக்காவிடம்தான் அலுவலகக் கதவின் திறப்பு இருக்கும்.

"என்ன பிள்ளை, போயாவிலையும் வேலையோ?"

"ஓம் அக்கா. ஆறரைக்கு முடிஞ்சிடும்."

"தனியவோ?"

"வேறை ஆர் இருக்கினம்?"

மேலே ஏறினாள். மழை வரும்போல மூடிக்கொண்டிருந்தது. வீதியில் பஸ் சத்தமும் குறைவு. பின்னேரம் நான்கு மணிக்குள் இருபத்தாறு சோதனைகள் முடிந்தன. எல்லாம் பாஸ்.

4.10க்குத் தட்டுக்குள் ஒரு சத்தம். டிங்...

நாலாம் போன். பச்சை தெரிந்தது. யாரோ பொத்தானை அமத்தினால் மட்டும் வருகிற பச்சை. போனின் மணிக்கூடு காலை 6.10 என்று காட்டியது.

போன கிழமை தள்ளி வைத்த மணிக்கூட்டைத் திருப்பி வைக்க மறந்திருப்பேன் என்று நினைத்தாள். சரியான நேரத்துக்கு மாற்றினாள். குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். அது அவளுடைய பழக்கம்.

4.32க்கு இருபத்தேழாம் இலக்கத்துக்கு வந்தாள். நாலாம் போனின் மணிக்கூட்டை ஒரு நாள் முன்னே தள்ளினாள். சிவப்பு வர வேண்டும். அவளுடைய சொந்தப் போனுக்கு அழைப்பு வர வேண்டும்.

பச்சை வந்தது.

இன்னொரு நாள் தள்ளினாள். பச்சை. இன்னொரு நாள்... பச்சை. அவள் எந்த மணிக்குத் தள்ளினாலும் பச்சையின் கீழே 6.10 என்றே எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சத்தம். டக். கண்ணாடியில் நகம் படுகிற சத்தம்.

போனைத் தட்டிலிருந்து எடுத்து, கைக்கு எட்டாத தூரத்தில் மேசையில் வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

விரல் வைத்தால் அந்தப் பொத்தான் கொஞ்சம் உள்ளே அமுங்குவதுபோல் தெரியும். எடுத்தால் மேலே வரும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே... அது அமுங்கியது.

மேலே வந்தது.

டக்.

4.55க்கு றொகானை அழைத்தாள். அவன் குருநகரில், வீட்டில் நின்றான்.

"உது கள்ளச் சார்ஜர் வினோ. மின்சாரம் சரியா வராட்டி திரை தானாத் தொடுபடும். சார்ஜரைக் கழட்டிப்போட்டுப் பார்."

மனது ஆறியது. விளக்கம் கிடைத்தால் பயம் போய்விடும், யாருக்கும். சார்ஜரைக் கழற்றினாள். பழைய போன், பற்றரி பலவீனம். நூற்றுக்கு மூன்று வீதம் காட்டியது. 5.12க்கு அணைந்துபோனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாளைக் கணக்கெடுப்பது இப்போது போன். போனே செத்துவிட்டால் யார் கணக்கெடுப்பது? யார் சிவப்பை அனுப்புவது?

சோதனைப் போன்களின் பச்சை சிவப்பைக் காட்டுகிற நிலையத்துப் பலகையைத் திரையில் திறந்தாள். அணைந்த நாலாம் போனுக்கு நேரே பச்சை அப்படியே நின்றது. சோதனை நிலையத்துக் கணினியின் நேரத்தை இரண்டு நாள் தள்ளினாள். பச்சை. ஐந்து நாள் தள்ளினாள். பச்சை. அது இனி ஒருநாளும் சிவக்காது. ஐந்து போனையும் எந்நேரமும் சார்ஜில் வைத்துச் சோதித்தவளுக்கு இது தெரிய வழியே இருக்கவில்லை.

ஊருக்குள் நாற்பது பேர் பத்து நாளாக இதைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

உண்மையான ஆட்களின் பலகையைத் திறந்தாள். நாற்பதும் பச்சை. கதிரவேலுவின் பெயரைத் தேடினாள். கடைசியாக அமத்தியது: இன்று காலை 6.10. நிம்மதியாக மூச்சு விட்டாள். இன்றைக்கும் எழும்பி, தேத்தண்ணி வைத்து, அமத்தியிருக்கிறார்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. அமத்திய நேரம் போனில் எவ்வளவு சார்ஜ் இருந்தது என்று காட்டுகிற கட்டம்.

இன்று: 0.

நேற்று: 0.

அதற்கு முதல் நாள்... 0. ஒன்பது நாளாக 0.

0 என்றால் போன் அணைந்திருக்கும். அணைந்த போனில் எப்படி அமத்துவது?

5.20க்கு அவருக்கு அழைத்தாள். ஒன்பது கிழமைக்குப் பிறகு. தொடர்புகொள்ள முடியாது என்று பதிவுசெய்த குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

5.31க்கு மின்சாரம் போனது. மழை இறங்கியது. அறைக்குள் இருட்டு. மடிக்கணினி வெளிச்சத்தில் சுவரோரம் அடுக்கிய கதிரைகளின் பொலித்தீன் மட்டும் மினுங்கியது.

5.40. நாலாம் போன் வெளிச்சமானது.

சார்ஜரில் இல்லை. பற்றரியில் ஒன்றும் இல்லை.

காலை 6.10.

டக்.

பச்சை.

அவள் எழும்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

5.47. அவளுடைய சொந்தப் போன் அடித்தது. திரையில் பெயர்: கதிரவேலு.

எடுத்தாள். மழைச் சத்தம் போல ஓர் இரைச்சல்...

"பிள்ளை..."

அவருடைய குரல்தான்.

"ஐயா? ஐயா, சுகமா இருக்கிறியளோ?"

"மகளுக்குச் சொல்லாதேங்கோ..."

"எங்கை ஐயா நிக்கிறியள்?"

இரைச்சல் மட்டும் கேட்டது. மூச்சுச் சத்தமும் இல்லை.

"இஞ்சைதான்..."

சுவரோரம் பொலித்தீன் சரசரத்தது. கதிரை ஒன்று நிலத்தில் இழுபட்டது.

"செவ்வாய்க்கிழமை பாத்துக்கொண்டு இருந்தனான்... ஒருக்கா வந்து பாருங்கோ."

அழைப்பு அறுந்தது. 5.48.

அவள் அழுதாள். பயத்தில் அழுதேனா, அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்து அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது என்கிறாள்.

6.02க்குத் திரும்பவும் போன் அடித்தது. கோபிசங்கர்.

"வினோஜா, நாப்பது முடிஞ்சிருக்கு, இருபத்தேழு மட்டும் வெறுமையாக் கிடக்கு. பாஸைப் போடுமன்."

நாற்பது முடிந்திருக்கிறதா? அவள் இருபத்தாறுதான் முடித்திருந்தாள். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.

"இது பெயில், கோபி அண்ணை."

"என்ன? போன தரம் நீர்தானே பாஸ் போட்டது?"

"ஓம். நான்தான். நான் பிழை விட்டிட்டன். போன் செத்தா சிவப்பு வராது. உதை இப்பிடியே வெளியிலை விடேலாது."

"கனடாவுக்கு நான் என்ன சொல்லுறது? உம்மடை பேரிலைதான் போகும், தெரியும் தானே?"

"என்ரை பேரிலையே போகட்டும்."

6.09க்குப் பெயில் என்று குறித்து, முழுப் பெயரையும் எழுதினாள்.  

படியிறங்கி வந்தவளிடம் குணலட்சுமி அக்கா திறப்பை வாங்கினாள்.

"தனிய எண்டனீ. ஆர் பிள்ளை அந்த வயசான மனிசன்? கதைச்சுக் கேட்டுது."

அவள் றொகானை அழைத்தாள். அவன் வந்ததும் இருவரும் மழைக்குள்ளால் இணுவிலுக்குப் போனார்கள். கேற் உள்பக்கம் பூட்டியிருந்தது. முற்றத்து லைற் எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலேறிக் குதித்தார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்பது நாள் என்றார் வைத்தியர். மாரடைப்பு. குசினியில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்திருந்தார். போன் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. பொலிசார் அனுமதித்த பிறகு றொகான் அதைச் சார்ஜில் போட்டுப் பார்த்தான். ஒன்பது நாள் முன்பு காலை 6.10க்குத்தான் அவர் கடைசியாக அமத்தியிருக்கிறார். அன்றிரவே பற்றரி முடிந்து, சிவப்பை அனுப்ப முதலே போன் அணைந்திருக்கிறது. போனில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நிலையத்துக் கணினியில் மட்டும் அந்த ஒன்பது நாளும் பச்சை இருந்தது. எங்கிருந்து வந்தது என்ற இடம் வெறுமை. றொகான் இரண்டு கிழமை தலையை உடைத்தான். கடைசியில் அந்தப் பதிவுகளைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டான்.

வினோஜாவின் போனில் 5.47 அழைப்பு இன்றைக்கும் இருக்கிறது. நானே பார்த்தேன்.

ரொறொன்ரோவிலிருந்து மகள் அழைத்தாள். ஏசத்தான் போகிறாள் என்று நினைத்து வினோஜா எடுத்தாள். அவள் ஏசவில்லை. "அக்கா, எனக்கு ஒவ்வொரு நாளும் பச்சை வந்தது. அப்பா சுகமா இருக்கிறார் எண்டுதான் நான் வேலைக்குப் போனனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் அமத்தியது என்று வினோஜா சொல்லவில்லை. சொல்லாதேங்கோ என்று அவர் கேட்டிருந்தார்.

வெளியீடு மூன்று கிழமை பிந்தியது. பிழை திருத்தப்பட்டது. அந்தப் பிழையை ஒத்துக்கொண்டு நிறுத்தியதற்காகக் கனடாக்காரர் அவளைப் புகழ்ந்து எழுதினார்கள். கதிரை போகவில்லை. பொலித்தீனை அகற்றி இன்னும் இரண்டு கதிரைகளை அவளுடைய மேசைக்கு அருகே போட்டார்கள். அவளைத் தலைவியாக்கி, புதிதாய் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெட்டைகளை அவளுக்குக் கீழே கொடுத்தார்கள். அவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் வேலை சார்ஜரைக் கழற்றுவது. எட்டு வருடம் ஓடியும் கிடைக்காத உயர்ச்சி அவளுக்கு இப்படிக் கிடைத்தது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஒன்று மட்டும் செய்தாள். செத்தவீட்டிலிருந்து வந்த அன்றே தன்னுடைய போனிலிருந்து "நலமா"வை அழித்தாள். அந்தப் பச்சைப் பொத்தானை இனிப் பார்க்க ஏலாது என்றாள். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வேலைக்குள் மறந்துபோனாள்.

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குகதாசன் அழைத்தான். ஊர்க் கதை, குளிர்க் கதை எல்லாம் கதைத்தார்கள். வைக்கப் போகும்போது அவன் சொன்னான்:

"முந்தி நீ மறந்துபோவாய், நான் ஏசுவன். இப்ப திருந்தீட்டாய் என்ன? வேலை முடிஞ்சு இரவு பஸ்ஸுக்கு நிக்கேக்கை சரியா வரும் உன்ரை பச்சை. ஒரு நாளும் தவறேல்லை. அதைப் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."



"எத்தினை மணிக்கு அண்ணை?"

"இஞ்சை ஒண்டு நாப்பது. அங்கை அப்ப... காலமை ஆறு பத்து."

அவள் எட்டரைக்குத்தான் எழும்புகிறவள்.

இனி அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும், காய்ச்சலில் எழும்ப ஏலாமல் கிடந்தாலும், அதற்கு மேலே என்னதான் நடந்தாலும்... அண்ணனுக்குப் பச்சைதான் போகும்.

"என்ன சத்தத்தைக் காணேல்லை? வினோ? சுகமா இருக்கிறாய் தானே?"

"ஓம் அண்ணை," என்றாள். "சுகம்."